செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: முதலில் எதைப் பார்ப்பது?



இந்தப் பகுதிக்குப் பயிர், உரம், பூச்சி பற்றிய கேள்விகள்தான் அதிகம் வரும். மழை தொடங்கிவிட்டால் இயந்திரக் கேள்விகளும் சேர்ந்துகொள்ளும். கோடை முழுவதும் கொட்டகையில் நின்ற வண்டியை உழவுக்கு எடுக்கும் நாளில்தான் அதன் கோளாறு தெரியவருகிறது. இந்த இதழுக்கு அப்படி மூன்று கேள்விகள் வந்துள்ளன. ஒன்று டிராக்டர், ஒன்று பழைய கார், ஒன்று தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின். மூன்றிலும் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. ஸ்பேனர் இரண்டும் பழைய துணியும் இருந்தால் நீங்களே பார்க்கக்கூடியதை மட்டும் இங்கே சொல்கிறேன். அதற்கு மேல் மெக்கானிக் வேலை.

கேள்வி: என்னிடம் 22 ஆண்டு ஓடிய 35 குதிரைத்திறன் டிராக்டர் உள்ளது. மூன்று மாதமாக நிறுத்தி வைத்திருந்தேன. மழை பெய்து நிலத்தில் நல்ல ஈரம் இருக்கிறது. மக்காச்சோளம் விதைக்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. மெக்கானிக், டீசல் பம்பைக் கழற்றி டவுனுக்குக் கொண்டுபோக வேண்டும், நான்கைந்து நாள் ஆகும் என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: இதழ் வரும்வரை ஈரம் காத்திருக்காது என்பதால் இவருக்குத் தொலைபேசியிலேயே பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் முழுமையாக எழுதுகிறேன்.

பம்பைக் கழற்றுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் அரை மணி நேரத்தில் பார்த்து முடிக்க வேண்டியவை பல உள்ளன. டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் அழுத்தும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் பீச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே டீசல் வருகிறதா, காற்று போகிறதா, போதிய அழுத்தம் இருக்கிறதா என்ற மூன்றைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கியரை நியூட்ரலில் வையுங்கள். பி.டி.ஓ. லீவரை விடுவியுங்கள். பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பிறகு கண்ணால் பார்க்கும் வேலை. நிறுத்தும் நாப் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா? கேபிள் துருப்பிடித்திருந்தால் நாப் உள்ளே போனாலும் பம்பில் உள்ள லீவர் நிறுத்தும் நிலையிலேயே நின்றுவிடும். லீவரைக் கையால் அசைத்துப் பாருங்கள். டேங்கில் டீசல் இருக்கிறதா? டேப் திறந்திருக்கிறதா? டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளையைக் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறதா? பல மாதம் நின்ற வண்டியில் இதெல்லாம் நடக்கிறதுதான்.

அடுத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றொருவர் சற்றுத் தள்ளி நின்று சைலன்சரைப் பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. இரண்டு நிமிடம் விட்டு அடுத்த தடவை. தொடர்ந்து அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகும், பேட்டரியும் இறங்கும். அப்புறம் கோளாறு ஒன்று இரண்டாகும்.

புகையே இல்லை என்றால் நாசில் வரை டீசல் வரவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றவில்லை. கறுப்புப் புகை வந்து பிடிக்காமல் திணறினால் காற்று போதவில்லை. இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புகை இல்லாவிட்டால் டேங்கிலிருந்து டீசல் வரும் வழியிலேயே போங்கள். ஃபில்டருக்கு முன்னால் உள்ள கிண்ணத்தைக் கழற்றி, அதிலுள்ளதைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். டீசல் மேலே நிற்கும். பாதி டேங்க் டீசலோடு நிற்கும் வண்டியில், காலியாக உள்ள பாதியில் இருக்கும் காற்றின் ஈரம் இரவுக் குளிரில் துளித்துளியாகி டீசலில் இறங்கும். மூன்று மாதத்தில் அது கணிசமாகச் சேர்ந்துவிடும். தண்ணீர் இருந்தால் டேங்கின் அடி பிளக்கைத் திறந்து முழுவதும் வடித்து, ஃபில்டர்களையும் மாற்றிவிடுங்கள். டீசல் பம்பின் உள்பாகங்களுக்கு நடுவே தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைவான இடைவெளிதான் உண்டு. தண்ணீர் போய் நின்றால் துருப்பிடித்து இறுகிவிடும். அப்போதுதான் பம்புக்கு உண்மையாகவே செலவு வரும்.

பிறகு ஏர் எடுக்க வேண்டும். குழாயில் காற்று அடைத்திருந்தால் பம்ப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டீசல் போகாது. டீசல் தீர்ந்து நின்ற வண்டியிலும், ஃபில்டர் மாற்றிய வண்டியிலும் இது கட்டாயம்.

1. டேங்கில் பாதிக்கு மேல் டீசல் ஊற்றி டேப்பைத் திறக்கவும்.

2. முதல் ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பில் உள்ள கைப்பம்பை அடிக்கவும். முதலில் நுரையும் குமிழியும் வரும். குமிழி நின்று சுத்தமான டீசல் வந்ததும், அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்கவும்.

3. இரண்டாவது ஃபில்டரிலும், பிறகு டீசல் பம்பின் பக்கவாட்டு ஸ்க்ரூவிலும் இதையே செய்யவும்.

4. நாசிலுக்குப் போகும் குழாய்களில் இரண்டின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் கொடுத்து 10 விநாடி செல்ஃப் அடிக்கவும். நட்டு ஓரத்தில் டீசல் துள்ளி வரும். நட்டை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யவும்.

கைப்பம்பு லீவர் பிடிப்பில்லாமல் ஆடினால் கேம் உயரத்தில் நிற்கிறது என்று பொருள். இன்ஜினைச் சற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். எவ்வளவு அடித்தும் குமிழி நிற்கவில்லையா? டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் எங்கோ காற்றை இழுக்கிறது. ரப்பர் குழாயின் வெடிப்பு, கிண்ணத்தின் வாஷர், செம்பு வாஷர் இவற்றைப் பாருங்கள். டீசல் வெளியே கசியாத இடத்திலும் காற்று உள்ளே போகும்.

வெள்ளைப் புகை வந்தால் சூடு போதவில்லை. முதல் காரணம், இன்ஜின் மெதுவாகச் சுற்றுவது. முழுச் சார்ஜில் ஓய்வாக உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது சுமார் 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல் கோளாறு. டெர்மினலில் பூத்த வெள்ளையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி, எர்த் ஒயரையும் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். நண்பகலில் பிடித்து விடியற்காலையில் மட்டும் பிடிக்காத வண்டிக்கு அழுத்தம் குறைந்திருக்கலாம். வால்வு செட்டிங், பிஸ்டன் ரிங் பார்க்க வேண்டும். அது மெக்கானிக் வேலைதான், ஆனால் இந்தப் பருவம் முடிந்தபின் செய்யலாம்.

கறுப்புப் புகைக்கு ஏர் கிளீனரைத் திறந்தாலே போதும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய வகையில் எண்ணெய் களிமண்போல இறுகியிருக்கும். கழுவி, குறியிட்ட அளவுக்கு மட்டும் புது எண்ணெய் ஊற்றுங்கள். குழாய்க்குள் எலிக்கூடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பம்பைக் கழற்றச் சொல்வது எப்போது சரி? டீசல் பம்ப் வரை குமிழியில்லாமல் டீசல் வந்தும், நிறுத்தும் லீவர் விடுபட்டிருந்தும், நாசில் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடித்தால் ஒரு துளியும் துள்ளவில்லை என்றால்தான். அப்போதும் கழற்றுமுன் பம்பின் மேலும் இன்ஜின் மேலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடு தவறி மாட்டினால் டைமிங் மாறி, பம்ப் சரியான பின்னும் வண்டி பிடிக்காது.

பெரம்பலூர் நண்பர் கிண்ணத்தை வடித்தபோது பாதிக்கு மேல் தண்ணீராக இருந்ததாம். டேங்கை வடித்து, ஃபில்டர் மாற்றி, ஏர் எடுத்ததும் வண்டி பிடித்துவிட்டது. பம்பைத் தொடவே இல்லை. இனி வேலை முடிந்த மாலையில் டேங்கை நிரப்பி நிறுத்தும்படி சொல்லியிருக்கிறேன். காற்றுக்கு இடமில்லாவிட்டால் தண்ணீருக்கும் இடமில்லை.

வண்டி சரியாகாவிட்டால் என்ன செய்வது? மக்காச்சோள விதை 4 செ.மீ. ஆழத்தில் ஈரத்தில் விழ வேண்டும். மேல்மண் காய்ந்தபின் விதைத்தால் முளைப்பு திட்டுத்திட்டாக வரும். ஆகவே ஒரு நாள் பார்த்துவிட்டு, மறுநாளே வாடகை வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை உழவன் செயலி மூலம் பதிவு செய்யலாம். மழைக்குப்பின் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள் என்பதால் உங்கள் பகுதியின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தையும், இயந்திரம் வைத்துள்ள கூட்டுறவுச் சங்கத்தையும் முன்கூட்டியே விசாரித்து வைப்பது நல்லது.

கேள்வி: எங்களிடம் 1998 மாடல் மாருதி 800 கார் உள்ளது. கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். மாமனாரை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு நான்தான் ஓட்டிச் செல்கிறேன். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் கார் ஸ்டார்ட் ஆவதில்லை. செல்ஃப் சுற்றுகிறது. வெயில் ஏறியபின் தானாகப் பிடிக்கிறது. காரை விற்றுவிடச் சொல்கிறார்கள். செலவு செய்தால் சரியாகுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சகோதரி, விற்கும் முடிவுக்கு வருமுன் ஒரு உலர்ந்த துணியை எடுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. மழைக்குப்பின் பிடிக்காமல் வெயிலில் பிடிக்கிறது என்றால், ஈரத்தால் தீப்பொறி வழிதவறுகிறது.

பெட்ரோல் இன்ஜினில் காயில் உண்டாக்கும் உயர் மின்னழுத்தம் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக மூன்று பிளக்குக்கும் போகிறது. மூடியிலோ பிளக் ஒயரிலோ மயிரிழை வெடிப்பு இருந்தால் அதில் ஈரம் ஏறி, மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் இன்ஜின் இரும்புக்குத் தாவிவிடும். சாவியை எடுத்துவிட்டு மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் துடையுங்கள். மூடியின் உட்புறம் பென்சில் கோடுபோலக் கறுப்புக் கீறல் தெரிந்தால் மூடியை மாற்றியாக வேண்டும். பிளக் ஒயரை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். கிராமத்தில் நிற்கும் வண்டியில் எலி கடித்த இடம் எங்காவது இருக்கும். எந்த ஒயர் எந்த இடத்தில் இருந்தது என்று காகிதத் துண்டு ஒட்டியபின் கழற்றுங்கள். இடம் மாறினால் கார் பிடிக்காது. மூடி, ரோட்டார், ஒயர், பிளக் நான்கையும் மாற்றினாலும் காரை விற்று வேறு வாங்கும் செலவில் சிறு பங்கும் ஆகாது.

துடைத்தும் பிடிக்காவிட்டால் இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

தீப்பொறி: ஒரு புது பிளக்கை ஒயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி இன்ஜின் இரும்பில் படும்படி வைத்து, ரப்பர் பிடி உள்ள குறடால் பிடித்துக்கொண்டு மற்றவர் செல்ஃப் அடிக்க வேண்டும். நீலப் பொறி பளிச்சென்று அடித்தால் நல்லது. மஞ்சளாக மங்கலாக வந்தால் பலவீனம். வராவிட்டால் பாயின்ட், கண்டென்சர், காயில் பார்க்க வேண்டும். பெட்ரோல் வாடை அடிக்கும்போது இதைச் செய்யவே கூடாது.

பெட்ரோல்: ஏர் கிளீனர் மூடியைத் திறந்து, இன்ஜின் நின்ற நிலையில் ஆக்சிலரேட்டரை ஒருமுறை அமுக்கினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பீச்ச வேண்டும். பீச்சவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை. பம்ப், ஃபில்டர், ரப்பர் குழாய் பாருங்கள். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருப்பதால் பழைய காரின் ரப்பர் குழாய்கள் சீக்கிரம் இளகி வெடிக்கின்றன. கசிவு தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

மூழ்கடிப்பு: மாறாகப் பெட்ரோல் வாடை பலமாக அடித்தால், சோக்கை இழுத்துப் பலமுறை அடித்ததில் பிளக் நனைந்துவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, பத்து நிமிடம் விட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் அமுக்கிப் பிடித்தபடி ஐந்தாறு விநாடி அடியுங்கள். விட்டுவிட்டு அமுக்கக் கூடாது, ஒவ்வொரு அமுக்கும் மேலும் பெட்ரோல் ஊற்றும்.

ஒரு எச்சரிக்கை. செல்ஃப் அடிக்கும் சத்தம் என்றைக்காவது வழக்கத்தைவிட இலேசாக, தடையில்லாமல் ஓடுவதுபோல் கேட்டால் அதற்குமேல் அடிக்க வேண்டாம். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு மற்றொருவரை ஒரு விநாடி செல்ஃப் அடிக்கச் சொன்னால் உள்ளே ரோட்டார் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பெல்ட்தான்.

டயாலிசிஸ் நாளுக்கு முந்தைய மாலையே ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பாருங்கள். இரவில் காரைக் கூரையின் கீழ் நிறுத்துங்கள். தெரிந்த ஆட்டோக்காரர் இருவரின் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கார் சரியானபின்னும் அந்தக் காகிதம் இருக்கட்டும்.

கேள்வி: வயலில் தேங்கும் நீரை இறைக்க 5 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் வைத்துள்ளேன். ஹேண்டில் போட்டு எவ்வளவு சுற்றினாலும் பிடிக்கவில்லை.
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: வால்வைத் தூக்கும் லீவரைப் போட்டு மெதுவாகச் சுற்றி, காதைக் கொடுங்கள். நாசில் டீசலைப் பீச்சும்போது ஒவ்வொரு முறையும் 'கிரீச்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லையானால் மேலே சொன்னபடி தண்ணீர் வடித்து ஏர் எடுங்கள். சத்தம் கேட்டும் பிடிக்கவில்லையானால் லீவரை விட்டுவிட்டுச் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் கையைப் பலமாக எதிர்க்க வேண்டும். எளிதாகச் சுற்றினால் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கிறது அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது. ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வையுங்கள். இன்ஜின் எதிர்த்து அடித்தால் ஹேண்டில் கையிலிருந்து நழுவிப் போகும், மணிக்கட்டு தப்பிக்கும்.

இவற்றை மட்டும் செய்யாதீர்கள்

வண்டி பிடிக்காத கோபத்தில் செய்யும் வேலைகளில்தான் உயிர் போகிறது.

தரையில் நின்றுகொண்டு ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளைச் சேர்த்து டிராக்டரை ஸ்டார்ட் செய்யக் கூடாது. கிளட்ச்சை மிதித்தால் அல்லது நியூட்ரலில் இருந்தால் மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி பல வண்டிகளில் பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. ஸ்க்ரூ டிரைவர் அதைத் தாண்டிப் போய்விடும். வண்டி கியரில் இருந்தால் பிடித்த நொடியே நகரும். நிற்பவர் பின்சக்கரத்துக்கு நேர் முன்னால் இருப்பார். சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்புவது ஒன்றே வழி.

ஏர் கிளீனரில் பெட்ரோல் ஊற்றுவதோ, பெட்ரோல் துணி வைப்பதோ கூடாது. டீசல் இன்ஜினில் அது நேரம் தவறி வெடித்து ரிங்கையும் பிஸ்டனையும் உடைக்கும், முகத்திலும் தீப்பிடிக்கும்.

நாசில் நட்டைத் தளர்த்தும்போது டீசல் பீச்சும் இடத்தில் கையை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே சதை அழுகிவிடும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பூட்டிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓட்டிப் பார்க்கக் கூடாது. துண்டு, வேட்டி நுனி, முந்தானை, கூந்தல் ஆகியவை ஃபேன் பெல்ட்டுக்கு அருகில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் பற்றிக் கேள்வி அனுப்புபவர்கள் நான்கு விவரங்களைச் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல எளிதாக இருக்கும்: வண்டியின் வயது, கடைசியாக ஓடிய நாள், அதன்பின் கழற்றி மாட்டிய பாகம், செல்ஃப் அடிக்கும்போது வரும் புகையின் நிறம். அடுத்த இதழில் மக்காச்சோளத்தில் படைப்புழு பற்றி வந்துள்ள கேள்விகளைப் பார்ப்போம்.